ஈசானிய மூலைக் குட்டை

மழை ஓய்ந்திருந்தது. ஒரு கையில் குடையும் மறு கையில் செருப்புமாக நான் தோட்டத்தின் நடுவில் நின்றேன். காலுக்கடியில் செம்மண் குழம்பாகக் கிடந்தது. தென்னை ஓலைகள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. எனக்கு முன்னால் மழைத் தண்ணீர் திரண்டு, நுரையும் சருகும் ஆட்டுப் புழுக்கையும் சுமந்துகொண்டு, நான் சொன்ன திசையில், நான் சொன்னபடியே ஓடிக்கொண்டிருந்தது.

தென்மேற்கு மூலையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கிவிட்டது. வடகிழக்கு மூலையில், ஒரு லாரியே இறங்கி நிற்கும் அளவுக்கு நாங்கள் வெட்டி வைத்திருந்த புதுக் குட்டையின் அடியில், ஓர் அண்டா தண்ணீர் கிடந்தது. அதுவும் வானத்திலிருந்து நேராக அதற்குள் விழுந்தது.

நான் சொன்னதுதான் நடந்தது. என் வாழ்நாளில் நான் சொன்ன எதுவும் இவ்வளவு சுத்தமாகப் பலித்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வந்தது.

சென்ற வாரம் என் பழைய விசிலைப் பற்றி எழுதியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் கழுத்தில் தொங்கிய விசில் அது. ஓய்வுபெற்ற பிறகு அதை என்ன செய்தீர்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில், ஓர் ஆணியில் தொங்குகிறது ஐயா. கேட்டதுதான் கேட்டீர்கள், அந்தத் தோட்டத்தின் கதையையும் கேட்டுவிடுங்கள்.

ஒரு மழைக்கால வாய்தா

வடமதுரையிலிருந்து அய்யலூர் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது தோட்டம். தென்னை, ஓரத்தில் கொஞ்சம் முருங்கை, ஒரு கிணறு. என் மாமனார் தன் மகனுக்கும் மகளுக்கும் பொதுவாக விட்டுப்போனது. மகன்தான் என் கணவர் ஆரோக்கியம். திண்டுக்கல்லில் கிரில் பட்டறை வைத்திருக்கிறார். இரும்போடு பழகிப் பழகியோ என்னவோ, எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "பாத்துக்கலாம்."

மகள் பிலோமினா, என் கணவருக்கு மூத்தவர். எனக்கு மதினி. ஒட்டன்சத்திரத்துக்கு வாக்கப்பட்டுப் போனவர். மதினி சாதாரணமாகப் பேசும்போது அந்த ஊர் 'ங்க' ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒட்டிக்கொண்டு வரும். கோபம் வந்தால் 'ங்க' காணாமல் போய்விடும். எங்கள் வீட்டில் எல்லாரும் அதை வைத்துத்தான் வானிலை பார்ப்போம்.

எனக்கு அந்தத் தோட்டத்தின் மேல் பிரியம். வேலை பார்த்த காலமெல்லாம் பள்ளிக்கூடத்து மைதானத்தில், யாருடைய மண்ணிலோ சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தவள் நான். ஓய்வுபெற்றதும் தினமும் காலையில் பஸ் ஏறித் தோட்டத்துக்கு வந்துவிடுவேன். ஒவ்வொரு தென்னைக்கும் பாத்தி கட்டுவேன். விசில் ஊதுவதற்குத்தான் ஆள் இல்லை.

ஆனால் கிணறு வற்றிவிட்டது. தென்னையில் குரும்பை கொட்ட ஆரம்பித்தது. பக்கத்துத் தோட்டங்களில் மஞ்சள் கல் நட்டு மனை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கல் நடுகிற புரோக்கர் மதினியின் போன் நம்பரைக் கண்டுபிடித்துவிட்டார்.

மாமனாரின் நினைவு நாள் பூசைக்கு வந்த மதினி, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சொன்னார்:

"தண்ணியில்லாத காட்டை வெச்சுட்டு என்னங்க பண்றது? எனக்குத்தான் அங்க என்ன இருக்குதுங்க? கேக்கறப்பவே குடுத்துறலாமுங்க."

"பாத்துக்கலாம்க்கா," என்றார் என் கணவர்.

"ஒரு குட்டை வெட்டிப் பாப்போம் மதினி. மழைத் தண்ணி பூராம் ரோட்டுக்குத்தான் ஓடுது. அதை நிப்பாட்டுனா கெணறு ஊறும்," என்றேன். அதுவரை எனக்கே அப்படி ஒரு திட்டம் இருந்ததாகத் தெரியாது. வாயில் வந்துவிட்டது.

மதினி கொஞ்ச நேரம் வெற்றிலையை மடித்தார். பிறகு தீர்ப்பு வந்தது.

"சரிங்க. ஐப்பசி, கார்த்திக மழை போகட்டும். மார்கழி பொறக்கறப்ப குட்டை நெறஞ்சு நின்னுதுன்னா தோட்டம் இருக்கட்டுமுங்க. இல்லீன்னா பிளாட்டுக்குக் குடுத்துறோணும். அப்பறம் இன்னொண்ணு. குட்டை ஈசானிய மூலையிலதான் வெட்டோணுமுங்க."

பந்து வேறு, தண்ணீர் வேறு

ஈசானிய மூலை என்றால் வடகிழக்கு. வாஸ்துப்படி நீர் இருக்க வேண்டிய இடம்.

மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வாஸ்து எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வெளியே வருகிற வாயோடு, "மேஸ்திரி, அடுப்பு அக்கினி மூலைதானே?" என்று விசாரிப்பார்கள். அந்தோணியார் படம் மாட்டும் ஆணிக்குக்கூடத் திசை பார்த்த வீடு எனக்குத் தெரியும். அது என் வீடுதான்.

நான் மதினியிடம் சொன்னேன். "மதினி, நம்ம தோட்டத்துல ஈசானிய மூலைதான் மேடு. தென்மேக்குதான் பள்ளம். தண்ணி மேட்டுக்கு ஏறாது."

மைதானத்தில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்று பார்த்தே காலம் தள்ளியவள் நான். விளையாட்டு விழாவுக்கு முதல் நாள் மழை பெய்தால், தலைமை ஆசிரியர் வானத்தைப் பார்ப்பார், நான் தரையைப் பார்ப்பேன். நிலத்தின் சாய்வு எனக்குக் காலில் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? அதனால் மறுநாள் ஒரு கால்பந்தைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனேன்.

மதினியையும் கணவரையும் நிற்க வைத்து, வடகிழக்கில் பந்தை வைத்து லேசாகத் தட்டிவிட்டேன். நடைபாதை இறுகிய மண். பந்து தானாக உருண்டது. இரண்டு தென்னைகளுக்கு நடுவில் புகுந்து, திரும்பி, தென்மேற்கைப் பார்த்து ஓடியது. நான் பெருமையாக மதினியைப் பார்த்தேன்.

"பந்து வேறங்க, தண்ணி வேறங்க," என்றார் மதினி.

கணவர் வழக்கம்போலத் தரையைப் பார்த்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "என்னங்க, பந்து உருண்டதைப் பாத்தீங்கள்ல?" என்று கேட்டேன். "பாத்தேன். ஆனா வாஸ்துன்னு அக்கா சொல்லுது. நாளைக்கு ஒண்ணுன்னா நாமளைத்தானே சொல்லுவாக," என்றார். எதற்கும் வாய் திறக்காத மனிதர், வாஸ்து என்றதும் இம்புட்டுப் பேசினார்.

ஆடுகள் மிதித்த தரை

ஆவணிக் கடைசியில் ஜேசிபி வந்தது. மேலே செம்மண், அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல். இயந்திரத்தின் பல் அதில் உரசும்போது எழுந்த சத்தம் இப்போதும் என் பல்லைக் கூச வைக்கிறது. டீசல் வாசனையும் புது மண் வாசனையும் கலந்து, சேலையில் ஏறி, வீடு வரை வந்தது.

வெட்டினால் மட்டும் போதாது. சுக்கான் தண்ணீரைக் குடித்துவிடும். அதனால் கண்மாய் வண்டலை வாங்கிக் குட்டையின் அடியில் பரப்பி, தண்ணீர் தெளித்து, அதன்மேல் ஓர் ஆட்டு மந்தையை இறக்கினோம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். எந்த ரோலரைவிடவும் ஆட்டுக் குளம்பு மண்ணை நன்றாக இறுக்கும். அய்யலூர்ச் சந்தைக்குப் போகிற வழியில் தங்கியிருந்த கீதாரி ஒருவர் மந்தையை ஓட்டி வந்தார். ஆடுகள் குட்டைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தன. 'மே மே' என்று ஒரே சத்தம். என் கணவர் மட்டும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. அவருக்கு ஆடு என்றாலே ஆகாது.

அதற்குக் காரணம் பெரியசாமி. எங்களுக்கு வடகிழக்கில், எங்கள் நிலத்தைவிட உயரத்தில் இருக்கிறது அவர் காடு. சின்ன வெங்காயம் போடுவார். பல வருடங்களுக்கு முன்னால் அவருடைய ஆடுகள் இறங்கி வந்து, என் கணவர் ஆசையாக வைத்த தென்னங்கன்றுகளைக் குருத்தோடு தின்றுவிட்டன. வாய்ச்சண்டை முற்றியது. அப்போது நான் பார்த்த ஆரோக்கியம் வேறு ஆள். "பாத்துக்கலாம்" என்ற சொல்லையே மறந்துவிட்டார். ஒரே வாரத்தில், இரண்டு நிலத்துக்கும் இடையிலிருந்த நடுவரப்பை இடுப்பு உயரத்துக்கு மண் போட்டு ஏற்றினார். அதன்மேல் கல் ஊன்றி, பட்டறையிலிருந்து கம்பி கொண்டுவந்து வேலி போட்டார். பெரியசாமி வீட்டார் எங்கள் தோட்டத்து வழியாக ரோட்டுக்குப் போய்வந்த பாதை அடைபட்டது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. கல்யாணப் பத்திரிகைகூட யாராவது மூன்றாவது ஆள் கையில்தான் வரும், போகும்.

'ங்க' இல்லாத மதினி

ஐப்பசியில் முதல் பெருமழை வந்தது. ஆரம்பத்தில் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம். குட்டை காலி, தென்மேற்கு மூலை நிறைந்தது, நடுவில் நான் செருப்பும் கையுமாக.

என் பேச்சு பலித்துவிட்டது. அதனாலேயே தோட்டம் போகப்போகிறது. இந்த மாதிரி ஒரு வெற்றியை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது.

மதினிக்குப் போன் போட்டேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது? "குட்டைக்குத் தண்ணி வரலை மதினி," என்றேன். அந்தப் பக்கம் சந்தோஷமாக ஒரு 'ங்க' கேட்கும் என்று எதிர்பார்த்தேன். "வாரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் காலையிலேயே வந்து இறங்கினார். அப்போதும் தூறல் விடவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராகக் குட்டைக்குப் போனார். எட்டிப் பார்த்தார். பிறகு கரையில் ஏறி, நடுவரப்பு வரை போய், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பெரியசாமி காட்டைப் பார்த்தார். நானும் கணவரும் பின்னால் போய்ப் பார்த்தோம்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குளமே நின்றது. மேட்டிலிருந்து இறங்கி வந்த தண்ணீரெல்லாம் எங்கள் வரப்பில் முட்டி, போக வழியில்லாமல் நின்று, ஓரமாக வண்டிப்பாதைக்கு வழிந்து, ரோட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் வெங்காயத் தாள்கள் மஞ்சளாகச் சாய்ந்து கிடந்தன. அழுகல் வாசனை அடித்தது.

"இந்த வரப்பை இம்புட்டு ஒசரத்துக்கு யாரு ஏத்துனது?"

'ங்க' இல்லை. என் கணவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"ஒன்னையத்தான் கேக்குறேன் ஆரோக்கியம்."

"ஆடு வந்துச்சுக்கா."

"ஆடு வந்தா ஆட்டை வெரட்டுவியா, தண்ணிய வெரட்டுவியா?"

பதிலுக்குக் காத்திராமல், வேலிக்கு மேலாகக் கையை வாயில் குவித்துக் கூப்பிட்டார். "ஏ பெரியசாமி! ஏப்பா!"

கணவர் இரண்டு எட்டு பின்வாங்கினார். தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, முழங்கால் வரை சேறாக, பெரியசாமி வந்தார். வேலிக்கு அந்தப் பக்கமே நின்று உற்றுப் பார்த்தார்.

"யாரு, பிலோமியா? எப்ப வந்த?"

"இப்பத்தேன். வெங்காயம் என்னத்துக்கு ஆச்சு?"

"கண்ணு தெரியலையா ஒனக்கு? ஒந்தம்பி கட்டுன அணையில வருசா வருசம் இப்பிடித்தேன் அழுகுது."

"வாயில்லையா? சொல்ல மாட்டியா?"

"வேலி போட்டவன்கிட்ட என்னத்தைச் சொல்றது?"

"தென்னங்கன்னைத் திங்க விட்டுட்டு வேலியைக் குத்தம் சொன்னா?" என்றார் என் கணவர். பல வருடங்களுக்குப் பிறகு பெரியசாமியைப் பார்த்து அவர் பேசிய முதல் வாக்கியம். பெரியசாமி பதில் சொல்ல, இவர் திருப்பிச் சொல்ல, பழைய ஆடுகள் ஒவ்வொன்றாக மீண்டும் உயிர்பெற்று வர ஆரம்பித்தன. மோட்டார் ரூமுக்கு ஓடிப்போய் விசிலை எடுத்து வரலாமா என்று எனக்குக் கை பரபரத்தது.

"ஏலே, ரெண்டு பேரும் செத்த நேரம் சும்மா இருங்கலே!" என்று மதினி ஓர் அதட்டல் போட்டார். இரண்டு பேருமே நரைத்த தலைகள். ஆனாலும் அடங்கினார்கள். "பெரியசாமி, ஒனக்குத் தண்ணி போகணும். எங்களுக்குத் தண்ணி வரணும். வரப்பை வெட்டிவிட்டா முடிஞ்சது. என்ன சொல்ற?"

பெரியசாமி அழுகின வெங்காயத்தைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். "தண்ணி சரி. நாங்க நடந்த பாதை?"

நான் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'பாத்துக்கலாம்' என்று மட்டும் சொல்லிவிடாதே என்று மனசுக்குள் அந்தோணியாரை வேண்டினேன்.

"கேட்டு போட்டுத் தாரேன்," என்றார் அவர். "நானே அடிச்சுக் கொண்டாந்து மாட்டுறேன். ஆடு மட்டும் அதுவழியா வரக்கூடாது."

"எங்கிட்ட ஆடே இல்லப்பா. எப்பவோ வித்துட்டேன்," என்றார் பெரியசாமி.

இரண்டு மண்வெட்டி

நடுவரப்பை வெட்டுவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. ஒருத்தர் மட்டும் மண்வெட்டி போட்டால் அது வழக்கு. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று போட்டால் அது வேலை. எவ்வளவு உறவாக இருந்தாலும், தண்ணீர் தலைக்கு மேல் போனாலும், தனியாக யாரும் கை வைக்க மாட்டார்கள்.

என் கணவர் இந்தப் பக்கம் நின்றார். பெரியசாமி அந்தப் பக்கம். கம்பியின் அடிவரிசையைத் தூக்கிக் கட்டிவிட்டு இருவரும் வெட்டினார்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவரும் நிறுத்திக்கொண்டார். கடைசி மண்ணை யார் தள்ளினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீரே தள்ளிக்கொண்டு வந்தது என்று நினைக்கிறேன்.

முதலில் விரல் கனத்துக்கு ஒரு கீற்று. பிறகு அது வரப்பின் வாயை அகலமாகத் தின்றுகொண்டு, பழுப்பாக, வெங்காயச் சருகுகளோடு பாய்ந்து வந்து குட்டைக்குள் விழுந்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அண்டாவில் அரிசி கொட்டுவது போல ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் பேச்சே கேட்காத அளவுக்கு ஆயிற்று. நான் மைதானத்துக் குரலில், "கரை அரிக்குது! கல்லைப் போடுங்க! சாக்கை எடுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். வேலை பார்த்த காலத்துக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் யாரையும் விரட்டியதில்லை.

மார்கழிப் பிறப்பு

கார்த்திகை மழையும் ஏமாற்றவில்லை. குட்டை நிறைந்து, மிஞ்சின தண்ணீர் போக நாங்கள் விட்டிருந்த மறுகால் வழியாக வழிந்து, தென்மேற்கு மூலைக்கும் தண்ணீர் போனது. கிணற்றில் கல்லைப் போட்டால் 'டொப்' என்று கேட்டது. பட்டறையில் அடித்த கேட்டைக் கணவர் கொண்டுவந்து மாட்டினார். பூட்டு வைக்கவில்லை. திண்டுக்கல்காரர் ஒருவர் பூட்டில்லாமல் கேட்டு மாட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

மார்கழி முதல் நாளே மதினி வந்தார். வாய்தா முடிகிற நாள் அல்லவா? பிளாஸ்கில் டீயை எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் குட்டைக் கரையில் உட்கார்ந்தோம். வெயில் இதமாக இருந்தது. தண்ணீர் தெளிந்து, தென்னை நிழல் அதில் கிடந்தது. எங்கிருந்தோ தவளைகள் வந்து சேர்ந்திருந்தன. நாங்கள் பேச்சை நிறுத்தியதும் கத்த ஆரம்பித்தன.

"சின்னப் புள்ளையில இந்த மூலையிலதேன் தவளை கத்தும்," என்றார் மதினி, கோபம் இல்லாமலே 'ங்க'வை விட்டுவிட்டு. "மழை விட்டதும் பெரியசாமி காட்டுத் தண்ணி இங்கிட்டு எறங்கி நிக்கும். அப்பா பிடிக்க வந்தா தப்பிச்சு, நானும் ஆரோக்கியமும் இதுலதேன் விழுந்து கெடப்போம். அவனுக்கு ஞாபகம் இருக்காது. குட்டிப் பய."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "அப்போ தண்ணி வரும்னு ஒங்களுக்குத் தெரியும். வரப்பு ஏறுனதுதான் தெரியலை."

"ம்."

"அதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே மதினி? எதுக்கு வாஸ்து வாஸ்துன்னு என் உயிரை வாங்குனீங்க?"

மதினி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கட்டிக்குடுத்த பொண்ணு வந்து, தண்ணி இங்கிட்டுத்தேன் வரும், இங்க வெட்டுங்கன்னு சொன்னா எவன் கேப்பான்? ஒனக்கென்ன தெரியும்னுவாங்க. வாஸ்துன்னு சொன்னா மறுபேச்சு பேசாம வெட்டுவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. பந்து உருண்டதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்ற கணவரின் முகம் நினைவுக்கு வந்தது. என் பேச்சும் எடுபடவில்லை, மதினியின் ஞாபகமும் எடுபட்டிருக்காது. இவர் மட்டும் அதற்கு ஒரு வழி தெரிந்து வைத்திருந்தார். தோட்டத்தை விற்க வேண்டும் என்று சொன்னவர், தண்ணீர் வரும் என்று தனக்குத் தெரிந்த ஒரே இடத்தைக் காட்டிவிட்டல்லவா காத்திருந்திருக்கிறார்!

இதைக் கேட்டுவிடலாம் என்று நான் வாயைத் திறந்தபோது மதினியின் போன் அடித்தது. புரோக்கர். மதினி தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒட்டன்சத்திரம் முழுதாக வந்து இறங்கியது.

"ஏனுங்க, நல்லாருக்கீங்களா? ஆமாங்க, தோட்டத்துலதானுங்க இருக்கறேன். எடம் நல்ல எடந்தானுங்க, குத்தஞ் சொல்ல முடியாதுங்க. ஆனா பாருங்க, கன்னி மூலையில தண்ணி நிக்குதுங்க. ஆமாங்க, தென்மேக்குலதான். கன்னி மூலையில தண்ணி நிக்கலாமுங்களா? வாங்கறவங்க குடியிருக்க வேண்டாமுங்களா? வாஸ்து சரியில்லாத எடத்தைத் தெரிஞ்சே விக்கறது பாவமில்லீங்களா? வேண்டாமுங்க. எம்மனசு கேக்காதுங்க. வெச்சறட்டுமுங்களா?"

போனை மடியில் போட்டுவிட்டு டம்ளரை நீட்டினார்.

"பேசுனதுல டீ ஆறிப்போச்சு. இன்னும் இருக்கா ஜெசிந்தா?"

எனக்கென்று வைத்திருந்ததையும் சேர்த்து ஊற்றினேன்.